ஒரு தட்டு பாக்கி

இருபத்துநான்கு பிளாப்பி வேண்டும் என்றான் எய்முதிஸ்.
எங்களிடம் ஏழு இருந்தன.

விடுதியின் நான்கு மாடியும் ஏறி இறங்கினோம்,
கதவு கதவாக.
பல் மருத்துவம் படிப்பவன் இரண்டு தந்தான்.
பாட்டுக்குழுச் செயலாளர் மூன்று.
சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதும் என் மாமா ஒன்பது:
"திருப்ப வேண்டாம், ஆலையையே விற்கிறார்கள்."
யாரென்று தெரியவில்லை, மூன்று
காலையில் வாசலில் கிடந்தன.

சீட்டுகளைக் கிழிக்க மனம் வரவில்லை.
மூலையில் பென்சிலால் எண் மட்டும் போட்டோம்.
'பீட் கிழங்கு வரவு 91' என்றால் கெர்னல்.
'கடைவாய்ப் பல், மேல் தாடை' என்றால் நெட்வொர்க்.
'ஈஸ்டர், ஆல்ட்டோ குரல்கள்', அதற்குள்
கம்பைலரின் முன்பாதி;
பின்பாதி பெயரில்லாத ஒன்றில்.

கௌனாஸில் அந்தப் பிப்ரவரி
ரேடியேட்டருக்குக் கையுறை மாட்டலாம், அவ்வளவு குளிர்.
இறக்கத்தின் கீழே ஆய்வகம். அங்கேதான் வெளியுலகக் கம்பி.
மேட்டின் மேலே விடுதி.
நடுவே கம்பி இழுக்கும் ரயில்பெட்டி ஒன்று
ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.
"அதன் மோட்டாரில் காந்தம், தட்டைத் தின்றுவிடும்"
என்றான் எய்முதிஸ். உண்மையா தெரியாது.
படியில் ஏறினோம்.
கோட்டுக்குள், சட்டைக்கும் உள்ளே, விலா எலும்பை ஒட்டி
இருபத்துநான்கு சதுரங்கள்.

வந்ததும் செருகக்கூடாது, வியர்க்கும்.
மேசையில் பரப்பிவிட்டு அரைமணி காத்திருந்தோம்,
ஜுரம் பார்க்கிறவர்கள்போல்
புறங்கையால் தொட்டுத் தொட்டு.

பிறகு ஒன்று. கிர்ர்.
இரண்டு. கிர்ர்.
அடுத்ததைச் செருகு, எண்டரைத் தட்டு.
அடுத்ததைச் செருகு.
திரைக்கு வேறு பேச்சே இல்லை.
பசித்தவனின் அடக்கமான குரல்.
ஐந்து, ஆறு. ரொட்டியும் வெங்காயமும்.
ஒன்பது. எய்முதிஸ் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

பதினொன்று:
டக். டக். டக்.
தொண்டையில் முள் சிக்கியதுபோல்
டிரைவ் தன்னைத்தானே செருமிக்கொண்டது.

மீண்டும் இறக்கம், மீண்டும் கம்பி, மீண்டும் படி.
டக். டக்.
இன்னொருமுறை. இந்தத் தடவை ஓடினோம்.
டக்.
கோப்பு கெடவில்லை. தட்டே செத்திருந்தது.
ஆலையில் யாரோ அதன்மேல் தேநீர்க் கோப்பையை
வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்; வட்டம் தெரிந்தது.

இரவு பதினொன்றரைக்கு
பக்கத்து அறை ஸ்கிர்மாந்தேயைத் தட்டி எழுப்பினோம்.
மண்ணியல் படிப்பவள். தலையில் துண்டு.
"ஒன்றுதான் இருக்கிறது. அதில் என் அமில மண் அட்டவணை."
காகிதத்தில் இருக்கிறதா?
"இருக்கிறது. எனக்கு என்ன கிடைக்கும்?"
சொல்ல ஒன்றும் இல்லை எங்களிடம்.
"அந்த மெஷினில் எனக்கும் ஒரு கணக்கு.
என் பெயரில். கடவுச்சொல் உங்களிடம் சொல்லமாட்டேன்."

விடியும்முன் இருபத்துநான்காவது தட்டு இறங்கியது.
கறுப்புத் திரை. ஒரு # குறி. பக்கத்தில் துடிக்கும் கட்டம்.
அவ்வளவுதான்.
இதற்காகவா என்று ஒருவரும் கேட்கவில்லை,
கேட்டால் பதில் சொல்லவேண்டி வருமே.
எய்முதிஸ் தேதியைக் கேட்டான். சரியாகச் சொன்னது.
பாரிசில் மணி என்ன என்றான். அதையும்.
சிரித்தோம், வயிறு வலிக்க.

ஸ்கிர்மாந்தே வந்தாள். எங்களைத்
திரும்பி நிற்கச் சொன்னாள்.
சுவரைப் பார்த்தபடி
பத்து எழுத்து தட்டும் சத்தத்தை எண்ணினேன்.

ஒரே மேசை, ஒரே கீபோர்டு.
ஆல்ட்டும் F1-ம் அழுத்தினால் நான்,
ஆல்ட்டும் F2-ம் அழுத்தினால் அவள்.
யார் இருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டேன்.
இரண்டு பெயர் வந்தது, ஒன்றின்கீழ் ஒன்றாக.

மறுநாள் மாலை நுழைந்தபோது
உனக்கு அஞ்சல் இருக்கிறது என்றது.
இரண்டு முழம் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம்,
அவள் இருமுவது கேட்டது.
திறந்தேன்.

ஒரு தட்டு பாக்கி.
ஞாபகம் இருக்கட்டும்.